அட்வான்ஸ் நாற்பது

தீவில் வீட்டுக்காரர் சொன்னார்:
இங்கே சத்தமே கிடையாது.
சொல்லிவிட்டு
இரண்டரை மணி நேரம் பேசினார்.
வலை, மூலநோய், குவைத் மகன்,
காற்றடித்துப் பாலத்தில் ரயில் நின்ற ராத்திரி.
கடைசி பஸ்ஸுக்கு எழுந்தபோது
கையைப் பிடித்து உட்காரவைக்காத குறைதான்.

திருமங்கலத்து வீட்டுக்காரம்மா
மூன்றே வாக்கியம்:
அட்வான்ஸ் நாற்பது.
தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்.
ஆணி அடிக்கக் கூடாது.

கப்பலூர் டோல்கேட் தாண்டியும்
நாங்கள் பேசவில்லை.
பெரியாரில் இறங்கியதும்
"நாற்பதைக் கட்டிடு" என்றாள் பூங்கோதை.

இப்போது ஏழு பத்து பஸ்ஸில்
யார் கக்கத்துக்கோ கீழே நின்றபடி
மதுரைக்குப் போகிறேன்.
கண்டக்டர்கூடக் கேட்பதில்லை,
கையை மட்டும் நீட்டுகிறார்.

சில ராத்திரி
அவள் தூங்கியபின்
தீவுக்கு போன் போட்டு
வீட்டுக்கு ஆள் வந்தாச்சா என்கிறேன்.
இன்னும் இல்லை என்கிறார்.
பிறகு
ஆரம்பிக்கிறார்.