தொண்ணூற்றெட்டுப் புள்ளி

இன்னும் இரண்டு புள்ளி எடுத்தால்
உப்பளம் ஐந்தாம் நிலைக்கு ஏறிவிடும்.
ஏறினால் இறங்க வழியில்லை.
அங்கே நுழைவுக் கட்டணமே நூற்றைம்பது காசு;
நாலாவதாய் வந்தால் ஒரு நீல நாடா.
நாடாவைக் குதிரை தின்னாது.

ஆகவே சிவப்பு ரயில்
லு நுவார்மோனைத் தாண்டும்போது
கடைசித் தடைக் கம்பியை
வேண்டுமென்றே தட்டிவிடுகிறேன்.
மூன்றாமிடம். எண்பது காசு.
புள்ளி முதலிடத்துக்கு மட்டும்தான்.
இரண்டு நாள் வைக்கோலுக்குக் காணும்.

ஒடெட் எட்டிப் பார்த்துத்
தலையில் அடித்துக்கொள்கிறாள்.
அவளுடையது ஏழாம் நிலை,
மூன்று தங்கக் கோப்பை,
தொழுவத்தில் ஒரு பிடி ஓட்ஸ் இல்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் கேட்டார்,
கடிகாரக் கூடு மினுக்கும் மேசையிலிருந்து
பரிசோதனை மேசைக்கு வருகிறாயா என்று.
சம்பளம் இருநூறு பிராங்க் கூடும்,
காப்புறுதி மானியம் நின்றுபோகும்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சேஞ்லெஜியேயில் இறங்குகிறோம்.
வேலிக்கப்பால் நிசக் குதிரையொன்று
மூக்கால் பனியைக் கிளறுகிறது,
எங்களைக் கணக்கெடுக்கவில்லை.

கைபேசி அதிர்கிறது:
முன்னால் வந்த இருவரும் தகுதி நீக்கம்.
முதலிடம் உப்பளத்துக்கு.
வாழ்த்துகள்.

கையுறையைப் பல்லால் கழற்றி
கட்டணம் எவ்வளவென்று
இன்னொருமுறை பார்க்கிறேன்.