ஐம்பத்திரண்டு ஆம்பியர்

பர்கூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி
முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். மழை.
'சிகரலப்பள்ளி திம்மராயன் அவர்கள்
இன்று அதிகாலை' என்பதுவரை சரியாக வந்தது.
பிறகு கூரைமேல் இரண்டு குழாயும்
தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் கரகரத்தன.
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது.
ஹெட்லைட் மஞ்சளாகி, பீடி நெருப்பாகி,
போயிற்று.
திம்மராயனுக்கு அதிகாலையில் என்ன ஆனதென்று
ஊருக்குச் சொல்லி முடிக்கவில்லை.
டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.
பக்கத்து சீட்டிலிருந்த மருமகன் இறங்கி
கதவை மெதுவாகச் சாத்திவிட்டு
நனைந்துகொண்டே போனார்.
ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

லண்டன்பேட்டையில் கவுசர் பாஷா பானெட்டைத் தூக்கினான்.
பேட்டரியை நான் திட்டினேன், வாங்கி எட்டு மாதம்தான்.
அவன் திட்டவில்லை.
சிகரெட் அட்டையைக் கிழித்துக் கணக்கெழுதினான்:
ஆம்ப்ளிஃபயர் இருபத்தைந்து,
நூறு வாட் பல்பு மாட்டிய ஹெட்லைட் பதினாறு,
ஃபிளெக்ஸ் போர்டு விளக்கு ஐந்து,
வைப்பர் நாலு,
"உனக்கு வேர்க்கும் இல்ல, அந்த ஃபேன் ரெண்டு."
ஐம்பத்திரண்டு.
தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து அம்பாசடர்
பிறந்தபோது கொண்டுவந்தது முப்பத்தைந்து.
"அதுவும் எழுபதுல போனாத்தான்.
நீ போறது பாடைக்கு முன்னால நடக்கிற வேகம்,
பன்னெண்டு தந்தாலே பெரிசு.
மீதிய பேட்டரிகிட்ட கைமாத்து வாங்குற.
என்னைக்காவது திருப்பித் தந்திருக்கியா?"
என் மனைவி இவனிடம் பேசியிருப்பாளோ என்று
ஒரு கணம் சந்தேகப்பட்டேன்.

புதிய ஆல்டர்னேட்டர்
தொப்பூர் இறக்கத்தில் மூக்கு நசுங்கிய
ஒரு சுமோவிலிருந்து வந்தது.
புதியது என்றுதான் சொல்கிறேன்.
தொண்ணூறு ஆம்பியர். காது ஒரு விரற்கடை அகலம்.
பட்டறைக்கு இரண்டு நடை,
மூன்று வாஷர், ஒரு கெட்ட வார்த்தை,
அப்புறம் உட்கார்ந்தது.
ஆமை வேகத்துக்கென்று சின்ன புல்லி,
அதற்கேற்ற பெல்ட்,
கொத்தவரங்காய் கனத்தில் இருந்த ஒயர் போய்
முருங்கைக்காய் கனத்தில் சிவப்பாய் ஒன்று.
"பெரிய தண்ணிய சின்ன கால்வாயில விட்டா
கரை உடையும். இங்க தீ பிடிக்கும்."
ஆறாயிரத்து எண்ணூறு.
ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு
ஏழு நாள் கத்தவேண்டும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னான்.
போட்டேன்.
எஞ்சின் ஒருமுறை முழங்கால் மடங்கி
நிமிர்ந்தது.
"அவ்வளவும் அது முதுகுலதான். டீசல் கூடக் கேக்கும்,
குடு."
முள் பதிமூன்றரையைத் தாண்டி
அங்கேயே நின்றது, யாரையும் பார்க்காமல்.

காவேரிப்பட்டணத்தில் மறுநாள்
தண்ணீர் வராது என்ற அறிவிப்பு.
குழாயிலிருந்து வந்த குரல் என்னுடையது.
பதினாறு வருஷமாக
கரகரப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது,
இப்போது தலைசீவி வெளியே வந்து நின்றது:
'வருகிற வியாளக்கிளமை.'
சைக்கிளில் போன ஒரு பையன்
திரும்பிச் சொன்னான்: வியாளக்கிளமை.
எங்கள் வீட்டில் தெலுங்கு.
அங்கே யாரும் என்னை ழகரம் கேட்டதில்லை.

அதோடு அடியில் ஒரு ரீங்காரம் வேறு,
ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறுகிறது,
விட்டால் இறங்குகிறது.
எர்த் ஒயர்தான், வா, பத்து நிமிஷம் என்றான் கவுசர்.
அடுத்த வாரம் என்றேன்.

பர்கூர் வழியாகத்தான் திரும்பினேன்.
திம்மராயனுக்குக் காரியமும் முடிந்திருக்கும்,
சொல்ல ஒன்றுமில்லை.
மைக்கை அணைத்தேன்.
ஹெட்லைட்டில் புளியமரங்கள் ஒவ்வொன்றாய்
வெள்ளையடித்த காலோடு வந்தன.
நாக்கை மடித்து, மேலண்ணத்தில் தேடி,
வியா, என்றேன்.
வியா