மூன்று கோடு

ஊசி இல்லாத சிரிஞ்சில் மூன்று கோடு.
அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்றார்
பரேல் டாக்டர். எடை கேட்டார்.
கீழே கொத்தமல்லி விற்கிற சவிதாவின் தராசில்
அறுநூற்று நாற்பது கிராம் என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

ரவைக்கு இரண்டரை மாதம்.
தும்மினால் காது இரண்டும் தரையில் படும்.
மூக்கைத் துடைத்துத் துடைத்தே
முன்கால் மயிர் பசை தடவியதுபோல் ஒட்டிக்கிடக்கிறது.
முயலுக்கு வாயால் மூச்சுவிட வராதாம்.
அது தெரியாமல்தான் க்ராஃபோர்டு மார்க்கெட்டில்
அப்படிப் பேரம் பேசினோம்.

ஆண்டாப் ஹில்லில் ஜூலை.
சுவருக்கே வியர்க்கிறது.
துவைத்த சட்டை நாலாம் நாளும் ஈரம்.
காய்ந்த புல்லை மட்டும்
அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறோம்.

மாடிவீட்டு ஷகீலா
மகனுடைய நெபுலைசரைக் கொடுத்தனுப்பினாள்:
பத்து மணிக்குள் வந்தாக வேண்டும், அவனுக்கும் இழுக்கிறது.
துணிக்கூடையைப் போர்வையால் மூடிக்
குழாயை உள்ளே விட்டோம்.
இடுக்கு வழியே பார்த்தேன்.
ஆவிக்குள் ஒற்றைக் கண்
என்னை மன்னிப்பதாக இல்லை.

தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று
எதற்கும் சாதிக்கிற ஜெபராஜ்,
'நூறு ரூபாய் முயலுக்கு ஆயிரம் ரூபாய் வைத்தியமா' என்று
நேற்றுவரை கத்தியவன்,
இரவு ஷிஃப்டுக்கு இறங்கிப் பாதிப் படியிலிருந்து திரும்பினான்.
செருப்போடு குந்தி
விலா ஏறி இறங்குவதை எண்ணினான்.
தவறவிட்டு
மறுபடியும் ஒன்றிலிருந்து.

விடிகாலை நாலு மணி.
மழை கொஞ்சம் விட்ட நேரம்,
இருட்டில் புல் நொறுங்கும் சத்தம்.
விளக்கைப் போடவில்லை.
போட்டால் நிறுத்திவிடும்.