இழிதல்

இரவு ஒன்றே கால்.
ஹெட்போனில் அயல்நாட்டு டாக்டர் ஒருவர்
எதையோ மென்றுகொண்டே பேசுகிறார்.
தட்டச்சு செய்கிறேன்: டயாபடீஸ்.
பதினோரு வருடமாக விரல்கள்
தாமாகவே அடித்துவிடும் சொல்.
இன்றைக்கு ஏனோ பாதியில் நின்றுவிட்டன.

அகராதியைத் திறந்தேன். கிரேக்கமாம்.
முதல் பாதி, ஊடாக. மறுபாதி, போவது.
ஒரு முனையில் ஏறி மறுமுனையில்
நிற்காமல் ஒழுகும் வடிகுழாய்.
கால் அகற்றி நிற்கும் கவராயத்துக்கும்
அதே பெயர்தானாம்.

எனக்கு கிரேக்கம் தெரியாது.
புதுப்பேட்டை தெரியும்.
அங்கே மகிமைதாஸ்
கால் அகற்றிக் குந்தி
பழைய யமஹா டேங்கில் ரப்பர் டியூபை விட்டு
ஒரே இழுப்பு,
பெட்ரோல் நாக்கைத் தொடுமுன்
கேனுக்குள் திருப்பிவிடுவான்.
தொட்டுவிட்டால் துப்பிவிட்டு
டீக்கடைப் பக்கம் கத்துவான், 'சக்கரை கம்மி!'
கம்மிதான். இல்லாமல் இல்லை.

போன ஆடியிலிருந்து
பெல்ட்டில் ஆணியடித்து மூன்று துளை.
ஆஸ்பத்திரிச் சீட்டை டூல் பாக்ஸில்
ஸ்பானர்களுக்கு அடியில் வைத்திருந்தான்.
கிரீஸ் படிந்த நானூற்றுப் பன்னிரண்டைப்
படித்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

சதையும் கைகாலும் கரைந்து
நீராய்ப் போகிற நோய் என்று
அந்தக் காலத்து கிரேக்க வைத்தியன் எழுதினானாம்.
அவனும் யாரோ ஒருவருடைய பெல்ட்டைப்
பார்த்திருக்க வேண்டும்.

நம்மிடமும் சொல் இருக்கிறது.
நீரிழிவு.
ஆஸ்பத்திரி போர்டில் பின்பாதியை மட்டும்
படித்துவிட்டு வந்திருப்பான்.
'யார்ட்டயும் சொல்லாத' என்றான் ஒருநாள்,
எதை என்று சொல்லாமலே.

பழைய தமிழில் இழிதல் என்றால் இறங்குதல்.
அவ்வளவுதான்.
மலையிலிருந்து அருவி இழியும்.
தேரிலிருந்து அரசன் இழிந்தான்.
யாரும் தலைகுனிந்ததாகத் தெரியவில்லை.

கதவு ஓசையில்லாமல் திறக்கிறது.
இந்த ராத்திரியில் மூன்றாவது முறை.
நாங்கள் மூன்றாம் மாடி, கழிவறை கீழே, பொது.
நாற்பத்திரண்டு படி.
எனக்குக் கேட்கக்கூடாதென்று
செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வான்.
தினமும் ஒரு காதை மட்டும் திறந்துவைத்து
படிகளை எண்ணுவேன்.
இன்றைக்கு எண்ணவில்லை. டாக்டரை
பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எழுந்து
மாடிப்படி விளக்கைப் போட்டேன்.

ஒன்பதாம் படியில்
செருப்பும் கையுமாக நிமிர்ந்து பார்த்தான்.
'மெதுவா எறங்கு' என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
'இந்த பல்பு எரியுமா?' என்றான்.