கடல்மட்டத்திலிருந்து ஆறரை மீட்டர்

முக்காலியை ஊன்றி
குமிழ் நடுவே நிற்கும்வரை திருகுகிறேன்.
பட்டாளத்துக்கும் புளியந்தோப்புக்கும் இடையில்
மூடிக் கிடக்கும் நெசவாலை.
பத்திரத்தில் பன்னிரண்டு ஏக்கர் ஐம்பத்தாறு சென்ட்.
நேற்றைய அளவில் நாற்பத்தொன்று.
காணாமல் போன பதினைந்து சென்ட்டைத் தேடித்தான்
காலை ஆறரைக்கே வந்துவிட்டோம்,
நானும் கோல் பிடிக்கும் நாகபூஷணமும்.

"கொஞ்சம் இடப்பக்கம்" என்றால்
வலப்பக்கம் நகர்வார்.
எதிரே நிற்பவருக்கு என் இடம் அவர் வலம்.
நான்கு வருடமாக இதே சண்டை.

சென்னை தட்டை.
தாம்பாளத்தில் கொட்டிய நீர் மாதிரி
மழை முதலில் கொஞ்சம் யோசிக்கும்.
ஓட்டேரி நல்லா கிழக்கே ஓடுகிறது என்பது
வரைபடம் சொல்வது.
என் கருவிக்கு, நூறு மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர்.
அந்த இரண்டு சென்டிமீட்டரை நம்பி
ஒருவன் இங்கே சாயத்தொட்டி கட்டினான்.
அவன் ஊதிய சங்குக்கு ஆயிரக்கணக்கானோர் எழுந்தார்கள்.
தாமதமானால் அரைநாள் கூலி வெட்டு என்பதால்
எவனும் ஏழு நிமிட நடைக்கு அப்பால் குடியேறவில்லை.
பெரிய நகரமைப்பு எல்லாம் இல்லை,
அந்த ஏழு நிமிடம்தான்
இங்கே தெரு, சந்து, முட்டுச்சந்து.

இப்போது தூரம் வேறு.
ரெஜினாவின் டிபன் கடை பெஞ்சில்
மணலிக்குப் போகும் கண்டெய்னர் டிரைவர்,
தரமணிக்கு ஆள் ஏற்றும் வேன்காரர்,
கைபேசி சொன்ன சந்தில் வழிதவறிய டெலிவரிப் பையன்.
மூவருக்கும் ஒரே சட்னி வாளி.
"மில்லு மூடின வாரம் இட்லிப் பானைய விக்கப் பாத்தேன்.
வாங்க ஆளில்ல.
அதான் கடை இன்னும் ஓடுது."
மாவை ஊற்றியபடி கேட்கிறாள்:
"பில்டிங் வந்தா வாடகை ஏத்துவாங்க இல்ல?"
காசை எண்ணுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

பத்து மணிக்கு மண் பரிசோதனைக்காரர்கள் துளையிட்டார்கள்.
மூன்றடி வரை செங்கல் தூள்.
ஆறடியில் கரி.
ஒன்பதாவது அடியில் குழாய் கக்கியது
நீலம்.
ஈரமாய், பளபளப்பாய்,
எவன் பள்ளிச்சீருடைக்கோ கலக்கி
மிஞ்சியதைக் கொட்டிய நீலம்.
பொடியன் ஒருவன் விரலால் தொட்டு
சட்டையில் துடைத்துக்கொண்டான்.
கறை போகாது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.
விளம்பரப் பலகையில் அதே இடத்தில்
நீச்சல்குளம்.
அதற்கும் நீலம்தான் அடித்திருக்கிறார்கள்.

துரைப்பாக்கத்திலிருந்து போன்:
"பதினஞ்சு சென்ட் என்னாச்சு மேடம்?
சதுர அடி ஒன்பதாயிரம், கணக்குப் போட்டுப் பாருங்க."
போட்டேன். கால்குலேட்டரில் இலக்கம் நீண்டது.

மதியம் வடக்குச் சுவர்.
சுவர் என்று இருந்தது.
ஒரு வீடு முழம் நகர்த்தியிருக்கிறது, சமையலறைக்கு.
அடுத்தது அம்மிக்கு.
அதற்கடுத்தது ஓட்டோ நிறுத்த.
ஒரு கேரம் கிளப். ஒரு சின்ன ஜெபவீடு.
சங்கு நின்ற பிறகு வேலை இல்லாத கைகள்
இரவில் செங்கல் செங்கலாக
சுவரை ஆலைக்குள் நடத்திக்கொண்டு போயிருக்கின்றன.
முப்பத்தெட்டு வீடு, ஆளுக்குக் கொஞ்சம்.
கூட்டினேன்.
பதினைந்து சென்ட்.
நாகபூஷணம் விசில் அடித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

கோல் வைக்கவேண்டிய புள்ளி
ஒரு துவைக்கும் கல்லின் மேல் விழுகிறது.
"இடப்பக்கம்" என்கிறேன்.
அவர் எந்தப் பக்கமும் நகரவில்லை.
"அண்ணே, இடப்பக்கம்."
கருவிக்குள் தலைகீழாய் இல்லை, நேராகவே தெரிகிறார்.
வெயிலில் கண்ணைச் சுருக்கி,
காதில் விழாதவர் மாதிரி.

ஈரக்கையோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.
எங்களைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள்.
மெட்ரோ வாட்டருக்கோ கரண்டுக்கோ என்று நினைத்திருப்பாள்.
"இங்கயா வைக்கணும்?" என்று கேட்டு
வாளியை எடுத்துத் தள்ளி வைத்து
சோப்பு நுரையை
முந்தானையால் துடைத்தும் கொடுத்தாள்.

அளவு: ஆறு புள்ளி நான்கு எட்டு.
எழுதிக்கொண்டேன்.