வலது தொடை

அவள் ஓடி நான் பார்த்ததில்லை.
பதினோரு வருஷம், பத்தொன்பது நாடு,
ஒரு பந்தயம்கூட இல்லை.
என் இடம் அரங்கத்துக்கு வெளியே,
உடம்பைச் சூடேற்றும் மைதானத்துக் கூடாரம்:
மடக்கு மேசை, இரண்டு துண்டு, ஒரு புட்டி எண்ணெய்.
துப்பாக்கி கேட்கும்.
சுவருக்கு அப்பால் ஒரு கூச்சல் எழும்,
கடல் தூக்கத்தில் ஒருமுறை புரண்டு படுப்பதுபோல.
அதற்குள்
நான் ஒரு துண்டையும் மடித்து முடித்ததில்லை.

யார் ஜெயித்தது என்று கேட்கமாட்டேன்.
வந்து குப்புறப் படுப்பாள்.
கட்டைவிரல் வைத்ததும் தொடை சொல்லிவிடும்.
முதலிடம் என்றால் சதை இளகி, சூடாக,
கொஞ்சம் திமிராகவும் இருக்கும்.
கடைசி இடத்துக்குக்கூட ஒரு நிம்மதி உண்டு.
நான்காமிடம்தான் கல்.

ஜூரிக்கில் நான்காமிடம்.
நூறில் ஒரு பங்கு விநாடி என்றால் எவ்வளவு தூரம் என்று
படுத்தபடியே கணக்குப் போட்டாள்.
பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி,
"இவ்வளவு" என்றாள்.
என் உள்ளங்கை அகலம்.
அன்று மீதி நேரம்
அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
புறங்கையால் தேய்த்தேன்.

ஜொவானெல் காடோகன்.
அறிவிப்பாளர்கள் அந்தப் பெயரை
ஊருக்கு ஒருவிதமாய்ப் பிய்த்தார்கள்.
பார்படோஸ் எங்கே இருக்கிறது என்று
ஒசாகாவில் ஒருவன் கேட்டான்.
விரலில் எச்சில் தொட்டு மேசைமேல் ஒரு புள்ளி வைத்தாள்.
"இதோ. காய்வதற்குள் பார்த்துக்கொள்."

ரோமில் அரையிறுதி.
கூச்சல் எழுந்தது,
பாதியில் அதில் ஒரு ஓட்டை விழுந்தது.
அறுபதாயிரம் பேர் ஒன்றாக மூச்சை உள்ளிழுத்தால்
கூடாரத்துத் துணியும் உள்ளே அசைகிறது.
துண்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்,
எதற்கென்று தெரியாமல்.
சக்கர வண்டியில் கொண்டுவந்தார்கள்.
தொடையின் பின்புறம், மேலிருந்து நான்கு விரல் கீழே,
ஒரு பள்ளம்.
என் சுண்டுவிரல் அதில் பொருந்தி உட்கார்ந்தது.
"எவ்வளவு நாள்?"
"ஒன்பது மாதம்."
"ஓ, பிள்ளை பெறுகிற காலம்" என்று சிரித்தாள்,
துண்டைக் கடித்துக்கொண்டு.

பெற்றது என்னவோ
பழைய வேகத்தின் சாயலில் இன்னொன்று.
காலணிக் கம்பெனி முதலில் பெட்டியை நிறுத்தியது,
பிறகு பதிலை.
எனக்கு இரண்டு பருவத்துச் சம்பளம் பாக்கி;
அதற்கு ஈடாக ஒரு ஐஸ்பெட்டி கொடுத்தாள்.
மூடி சரியாக மூடாது.
இன்னும் மீன் அதில்தான்.

கடைசியாகத் திரும்பிய விமானத்தில்
வாந்திப் பையின் பின்புறம்
தன் பந்தயங்களைக் கூட்டினாள்.
இருநூற்று நாற்பத்து மூன்று. தகுதிச்சுற்றுகள் உட்பட.
மொத்தம் நாற்பத்தாறு நிமிஷம்கூட ஆகவில்லை.
இரண்டாம் முறை கூட்டினாள்.
அப்போதும் ஆகவில்லை.
"பிரிட்ஜ்டவுனில் பஸ் ஏறினால்
நான் வீடு சேர்கிற நேரம்" என்று சொல்லி
பையை மடித்து, இருந்த இடத்திலேயே செருகினாள்.
என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது,
அந்த ஒரு தொடைக்கு மட்டும் எத்தனை ஆயிரம் மணி நேரம் என்று.
சொல்லவில்லை.
சாப்பாட்டுத் தட்டு வந்தது.

இப்போது விமான நிலையத்தில்
பாஸ்போர்ட்டுகளுக்கு முத்திரை குத்துகிறாள்.
நான் கிரிக்கெட்காரர்களின் தோள்களில் பிழைக்கிறேன்.
என் கட்டைவிரல்களுக்கு இனி யாராவது பார்க்கவேண்டும்.

போன வியாழன், ஸ்பைட்ஸ்டவுன் நிறுத்தம்.
நீல பஸ் கிளம்பிவிட்டது, நான் பின் இருக்கையில்.
மீன்கடைப் பக்கமிருந்து அவள்,
சீருடை, ஒரு கையில் ஈரப்பலாக்காய் பை,
தட்டைச் செருப்பு,
ஓடி வந்தாள்.

முதல் நான்கு அடி தலை குனிந்தே இருந்தது.
பிறகு மெல்ல நிமிர்ந்தது.
பை எங்கோ தனியாக ஆடியது,
தோள் ஆடவே இல்லை.
வலது கால் இடதைவிட ஒரு இழை தாமதம்;
அந்தப் பள்ளம் அங்கேதான் இருக்கிறது.
ஆனால் தரை.
தரையை அவள் மிதிக்கவில்லை,
சுடுகிற பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல்
தொட்டுத் தொட்டு விட்டாள்.

மணிக்கயிறு என் தலைக்கு மேலேயே தொங்கியது.

மன்னித்துவிடு, ஜொவானெல்.
இழுக்க எனக்குக் கை வரவில்லை.