சிவப்புக் கோடு

ஹாகன் நகரசபையில் வாக்கெடுப்பு முடிய
இரவு ஒன்பதே முக்கால்.
பதினொன்றுக்கு எட்டு.
ஒருவர் கை கடைசிவரை மேசையிலேயே கிடந்தது.

அதற்கு முன் இரண்டு வருஷம்.
மனு, எதிர்மனு,
ஒரு வரலாற்றாசிரியரின் நாற்பது பக்கம்.
"விசிட்டிங் கார்டு ஐயாயிரம் அடித்தாயிற்று,
காசை யார் தருவது?"
பேக்கரிக்கார ட்ரோஸ்டே.
"தளபதி ரைன்டோர்ஃப் செத்தே நூறு வருஷம்,
இனி எதற்குத் தோண்டுகிறீர்கள்?"
மூன்றாம் மாடி கெம்பர் அம்மாள்.
"அவரால் செத்தவர்கள்?" என்றாள்
கடைசி வரிசையில் ஒருத்தி.
மைக் அவளிடம் போய்ச் சேரவில்லை.

செத்தவர்களில் ஒருவர் பெயரை வைக்கலாம் என்றார்கள்.
ஆவணத்தைப் புரட்டினார்கள்.
தளபதியின் குதிரைக்குப் பெயர் இருந்தது.
மற்றவர்களுக்கு:
தலைகள், நாற்பத்து மூன்று.

ஆகவே குழு மறுபடி கூடி
தெருமுனையில் நிற்கும் மரத்தைப் பார்த்து
பிளம் மரத் தெரு என்று எழுதிக்கொண்டது.
மரம் ஆட்சேபிக்கவில்லை.

இன்று காலை நானும் ஏணியும்.
புதுப் பலகைக்கு நான்கு திருகாணி.
பழையதைக் கழற்றக் கூடாது,
ஒரு வருஷம் இரண்டும் தொங்க வேண்டுமாம்,
தபால்காரருக்காக.
மூலைக்கு மூலை சிவப்பு டேப்.
அடியில் எழுத்து தெரிய வேண்டும், அது விதி.

ஒட்டினேன்.
இத்தனை காலம் யாரும் அண்ணாந்து பார்க்காத பெயரை
அடித்த பிறகு
நின்று நின்று வாசிக்கிறார்கள்.

மாவுக் கையோடு ட்ரோஸ்டே வெளியே வந்தார்.
"கோடு கோணல்" என்றார்.

இருக்கலாம்.
ஏணியிலிருந்து பார்க்கையில்
நேராகத்தான் இருந்தது.